அவர் இங்கே நின்றிருந்தால்

"அவர் இப்போ இங்க நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று வக்கீலம்மா சொல்லித்தான் வைத்திருந்தார். கணவருக்குத் தெரியாமல் கணவரின் பணத்தை முடக்கச் சொல்லி அவசர மனு போடுகிறவள், அவர் பக்க நியாயத்தையும் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டுமாம். எதையாவது மறைத்தது பிறகு தெரிந்தால் உத்தரவு ரத்தாகிவிடும்.

வேலையை விட்ட கணவருக்கு வரவேண்டிய மொத்தத் தொகையும் இன்று மாலைக்குள் கணக்கில் விழுகிறது. இனி வீட்டு வாடகை அதுதான், இரண்டு பெண்களின் படிப்பும் அதுதான். விழுந்த கையோடு காணாமல் போய்விடும் என்றுதான் இந்த ஓட்டம். விவாகரத்து வழக்கு இல்லாமல் முடக்க முடியாது என்றார்கள். சரி என்று அதையும் போட்டுவிட்டாள்.

"'என் பணம், நான் உழைச்சது, நீ யாரு கேக்கறதுக்கு'ன்னு சொல்லுவாருங்க."

"வேற?"

"எனக்கு எப்பவும் அவர்மேல சந்தேகம்னு சொல்லுவாரு."

வாய் கூசாமல் சொன்னாள்.

நீதிபதி மனுவைப் புரட்டினார். சின்னக் கணக்கு, பெரிய கணக்கு என்று ஒன்று விடாமல் எண்ணோடு இருந்தது. இத்தனையும் எப்படித் தெரிந்தது என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

உத்தரவு கிடைத்தது.

வக்கீலம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நகல் டைப் ஆகிறது, முத்திரை வாங்கி ஜூனியரே பேங்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார் என்றார். "நீங்க இன்னிக்கு வீட்டுப் பக்கம் போகாதீங்க. விஷயம் தெரிஞ்சா மனுஷன் கொதிச்சுப் போயிடுவார்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். தெருவைக் கடந்து எதிரே இருந்த டீக்கடைக்குள் போனாள்.

கடைசி மேசையில் அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார். கொதிக்கவெல்லாம் இல்லை. காய்ச்சலில் எழுந்தவர் மாதிரி இருந்தார்.

கணக்கு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தவரே அவர்தான். போனில் சீட்டாடி, இருந்த வீட்டையும் தோற்றுவிட்டு, ஒரு நாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். என்னை நம்பாதே, கோர்ட்டுக்குப் போ என்றார். அடிக்கிறேன் என்றுகூட எழுது, கேஸ் வலுவாக இருக்கும் என்றார். அதற்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளும் கை ஓங்காத மனுஷன்.

இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்தது என்று தெரிந்திருந்தால் மனு குப்பைக்குத்தான் போயிருக்கும். வக்கீலம்மாவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவளுக்குப் பாவமாக இருந்தது. இந்த மனுஷனை இன்னும் பிடித்துத் தொலைக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது. கடைக்காரர் இரண்டு டீயை வைத்துவிட்டு, எதையும் பார்க்காதவர்போல் நகர்ந்துகொண்டார்.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். பார்வை அவளுடைய கைப்பைக்குப் போனது. அவர் போன் காலையிலிருந்து அதற்குள்தான் இருக்கிறது. அவரே எடுத்துக் கொடுத்தது.

"அந்த ஆர்டர் பேங்குக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று, மழை வருமா என்று விசாரிப்பதுபோல் கேட்டார்.

எதிர்க் கட்டடத்தில் நகல் இன்னும் டைப் ஆகிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவருக்காக ஊரிடமெல்லாம் பொய் சொன்னவள், முதல் தடவையாக அவரிடமே ஒன்று சொன்னாள்.

"அப்பவே போய்ச் சேர்ந்தாச்சுங்க."