ஒற்றைக்கண் ஒஸ்கார்

“அல்லாஹ் பெரியவன், தங்கச்சி! உங்கட மாப்பிள்ள மௌத்தாகல்ல. உயிரோட இரிக்கிறார்!”

மூச்சு வாங்க ஓடிவந்த அதே தெரு ஸாஜித், கையிலிருந்த வாளியை முற்றத்தில் வைத்தான். ஸஹ்ரா எட்டிப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோசம் தாங்காமல்தான் விழுந்தாள் என்று நினைத்து, அடுத்த வீட்டுப் பெண்கள் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

வாளிக்குள் ஒரு மீன் சுழன்றுகொண்டிருந்தது. கறுத்த உடம்பு, அதில் தணல் சிதறியதுபோல் செம்மஞ்சள் திட்டுகள். இடது கண் இல்லை.

அவளுக்கு அதைத் தெரியாதா? நிலாவெளி ஹோட்டல்களுக்கு விற்கவென்று அவள் கணவன் றுவைஸ் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த ஒஸ்கார் என்ற அலங்கார மீன்களில் ஒன்று. ஒருநாள் கறியில் உப்புக் கூடிவிட்டதென்று அவன் எறிந்த கோப்பை, அவள் நெற்றியைப் பிளந்துகொண்டு போய்த் தொட்டியில் மோதியது. கண்ணாடிச் சில்லு பட்டு மீனின் கண் போனது.

றுவைஸ் அன்று மீனுக்கு மருந்து போட்டான். ஸஹ்ராவின் நெற்றிக்கு மருந்து போட்டவர் அவளுடைய மாமி, றுவைஸின் தாய் உம்மு குல்சும்.

போன வருடம் ஒரு காலை, மீன்களைத் தண்ணீர்ப் பைகளில் கட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவன் திரும்பவில்லை. வழக்கம்போல் தென்னந்தோட்டத்தில் போதைத் தூள் அடித்து, மயக்கம் தெளிந்த பிறகு தோணி ஏறியிருப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். தோணி மட்டும் கொட்டியாரக் குடாவில் கவிழ்ந்து மிதந்தது. சுழியோடிகள் தேடியும் உடல் அகப்படவில்லை.

“உடம்பு கிடைக்கும்வரை பொறுங்க” என்று ஊரே சொன்னபோது, “அவன் மௌத்துத்தான். நீ இத்தா இரு மகள்” என்று சொல்லி, விதவைக்குரிய நாலு மாசம் பத்து நாளும் அவளை இருத்தியவர் மாமி. பெற்றவளுக்கு இவ்வளவு கல்மனமா என்று அப்போது பலரும் கதைத்தார்கள்.

“தோட்டத்துக்குப் பின்னால இரிக்கிற குளத்துல வலை எறிஞ்சன். இது வந்து விழுந்த” என்றான் ஸாஜித். “இது நம்மட நாட்டு மீனே இல்ல. இந்தப் பக்கத்துல றுவைஸ் மட்டும்தான் வளத்தவர். கடல்ல விழுந்திருந்தா உப்புத் தண்ணி இத உயிரோட விட்டிருக்குமா? அவர் கடலுக்கே போகல்ல. பொலிசுக்குப் பயந்து தோணியத் தள்ளிவிட்டுட்டு, மீனக் குளத்துல விட்டுட்டு எங்கயோ ஒளிஞ்சிருக்கிறார்!”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார்கள் பெண்கள்.

வாசற்படியில் நின்ற மகள் அப்ரா, “உம்மா, வாப்பா வாறாரா?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். றுவைஸ் காணாமல் போனதற்கு முதல்நாளும் அவள் அங்கேதான் புகுந்தாள். பிள்ளை மீது அவன் முதன்முதலாகக் கை வைத்த நாள் அது. உதட்டில் இரத்தம் வழிய ஒடுங்கிக் கிடந்தவளை இழுத்தெடுத்து, விடியும்வரை மடியில் வைத்திருந்தவரும் மாமிதான்.

உம்மு குல்சும் வந்து வாளியை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“எந்தப் பக்கம் பிடிச்ச தம்பி?”

“தோட்டத்து வாய்க்கால் வந்து விழுற இடத்துல, சாச்சி.”

“சரி. மீன வெச்சிட்டுப் போங்க. அல்லாஹ் நல்லதக் காட்டட்டும்.” அவர் கையேந்தியதும் பெண்கள் அழுதார்கள். குச்சவெளியில் றுவைஸின் கூட்டாளிகள் இருக்கிறார்கள், அங்கே தேடலாம் என்று ஸாஜித் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டான்.

கூட்டம் கலைந்தது. ஸஹ்ரா அலுமாரியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட உடுப்புகளைப் பையில் திணிக்கத் தொடங்கினாள். இந்த ஒரு வருடத்தில்தான் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்படாமல் இருக்கப் பழகியிருந்தாள். அப்ரா நித்திரையில் வீரிடுவது நின்றிருந்தது. எல்லாவற்றையும் ஒரு மீன் வந்து முடித்துவிட்டது.

பையோடு குசினிக்குள் போனாள். மாமி மீனைப் பலகையில் வைத்து ஒரே வெட்டில் தலையைத் துண்டித்திருந்தார்.

“மாமி, நான் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வெருகல் பக்கம் எங்கயாவது போறன். பெத்த மகன் வாறான் எண்டு நீங்க சந்தோசப்படுவீங்க. என்னக் கோபிக்காதீங்க. இந்த முறை அவர் எங்கள உயிரோட விடமாட்டார்.”

“மம்பெட்டிய எடு” என்றார் மாமி. “இத ஆழமாப் புதைக்கோணும். பூனைக்கும் போடக்கூடாது.”

“மாமி, நான் சொல்றது விளங்கல்லையா? அவர் வரப்போறார்!”

உம்மு குல்சும் கத்தியைக் கழுவி வைத்தார். ஸஹ்ராவின் கையிலிருந்த பையை வாங்கி நிலத்தில் இறக்கினார். மகன் போனதிலிருந்து ஒருநாளும் அழாத அந்தக் கண்கள் இப்போதுதான் நிறைந்தன.

“போன மாச வெள்ளத்துல தோட்டத்துப் பாழ்கிணறு நிரம்பி வழிஞ்சிட்டு மகள். மீன் அப்படித்தான் வெளிய வந்த.”

“கிணத்துல இருந்தா?” ஸஹ்ரா பலகையில் கிடந்த மீனைப் பார்த்தாள். “அப்ப, அவர்?”

“அவன் வரமாட்டான். நான் கல்லுக் கட்டித்தான் தள்ளினனான்.”