கெப்ஹார்டின் பின்னால்

டிரோல் மலையில் பனிச்சரிவு மீட்புப் பயிற்சி. பயிற்சியாளர் நோட்புர்கா ஒரு சிக்னல் கருவியைப் பையில் போட்டுப் பனிக்குள் புதைத்துவிட்டு வந்தாள்.

"பைக்குள்ள இருக்கறது ஒரு மனுஷன்னு நெனச்சுக்குங்க. கால் மணி நேரத்துல தோண்டி எடுக்கலேன்னா பொணம்தான். அவங்கவங்க கருவியை அனுப்புறதுலேருந்து தேடுறதுக்கு மாத்திட்டு, அம்புக்குறி காட்டுற பக்கம் போங்க."

பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கும் கெப்ஹார்ட் தன் கருவியைச் சட்டைக்குள்ளேயே விட்டுவிட்டான். "பனியைப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்று முதல் ஆளாய்ச் சரிவில் இறங்கினான்.

கருவியை அன்றுதான் தொட்ட மற்ற நால்வரும் அவன் பின்னாலேயே வந்தார்கள். இடப்பக்கம் திரும்பினான், அவர்களும் திரும்பினார்கள். மேலே ஏறினான், அவர்களும் மூச்சு வாங்க ஏறினார்கள்.

கெப்ஹார்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா வெண்டலின்? தலைமைங்கறது ரத்தத்துல இருக்கணும். நான் கூப்பிடக்கூட இல்ல."

பின்னால் வந்த நால்வரில் ஒருவனான வெண்டலின் தன் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினான்.

கால் மணி நேரம் போனது. பை கிடைக்கவில்லை. நோட்புர்கா கெப்ஹார்டின் சட்டைக்குள்ளிருந்த கருவியை இழுத்துப் பார்த்தாள்.

"தேடுறதுக்கு மாத்தவே இல்ல. 'நான் இங்க புதைஞ்சு கெடக்கேன்'னு இது சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கு. எல்லாருடைய அம்புக்குறியும் உங்களைத்தான் காட்டுது."

கெப்ஹார்ட் அவசரமாகக் கருவியை வாங்கி அணைத்தான்.

"பைக்குள்ள இருந்தவன் செத்துட்டான்," என்றாள் நோட்புர்கா. "இவங்க தலைவர் பின்னால வரல சார். பொணத்தைத் தேடி வந்தாங்க."