கூழாங்கல் தட்டு

இளவேனில் வெயிலில் எலுமிச்சை மரம் கிளை கொள்ளாமல் பூத்து நிற்கிறது. ஆனால் ரீங்காரம் இல்லை. மரத்தடியில் மாமியார் குந்தியிருந்து, தேனீக்கள் முங்கிவிடாமல் உட்கார்ந்து குடிக்கட்டும் என்று தண்ணீர்த் தட்டில் போட்டிருந்த கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவுகிறாள். "ரெண்டு நாளா ஒண்ணுகூட வரல மாப்ளே. கல்லு வழுக்குதோ என்னவோ. நான்தான் சரியா பாக்கல." மருமகன் தட்டைப் பிடித்துக்கொள்கிறான். அவள் வெளியே போயிருந்த பகலில், பூச்சியை ஒழிக்கிறேன் பேர்வழி என்று பூத்த மரத்தில் மருந்தடித்தவன் அவன்தான். உதிர்ந்த தேனீக்களைப் பெருக்கி அள்ளியவனும் அவன்தான். வேரோரம் இன்னும் ஒன்று கால்களை மடக்கிக் கிடக்கிறது. செருப்பை நகர்த்தி அதை மறைக்கிறான். அப்போது எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து ஈரக்கல்லில் உட்காருகிறது. மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். அது குடித்து முடித்து, இறக்கையை ஒருமுறை சிலிர்த்துவிட்டு, நேரே பூவை நோக்கி எழும்புகிறது. அவன் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை உருவி விசிறுகிறான். துண்டின் மறுமுனையைப் பிடித்து நிறுத்துகிறாள் அவள். "விரட்டாதீங்க மாப்ளே. இப்பத்தான் நம்மள நம்பி ஒண்ணு வந்திருக்கு." அவன் கை தானாகத் தாழ்கிறது. தேனீ பூவுக்குள் முகத்தைப் புதைக்கிறது.