கடைசிச் சொல்லுக்கு முன்

“அவ அம்மா பேசறேன் டீச்சர். சின்னவனுக்குக் காய்ச்சல், பார்த்துக்க ஆள் இல்ல. நாளைக்கு ஒத்திகைக்கு அவளை அனுப்ப முடியாது. கொஞ்சம்... மன்னிச்சுக்குங்க.”

நாடக ஆசிரியை ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக இதே கரகரத்த குரல்தான். பெற்றோர் கூட்டமா, ஷிஃப்ட் இருக்கிறது. மகள் அம்மா வேஷம் கட்டும் நாடகத்துக்காவது வருவீர்களா, பார்க்கலாம்.

குடும்பம் ஊருக்குப் புதிது. சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு, அம்மாவின் எண் மட்டும். ஒண்டியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள், பாவம் என்றுதான் ஆசிரியையும் விட்டுவந்தார். ஆனால் இன்று ஏதோ இடித்தது.

அந்த அரை நொடி.

பழகாதவர்கள் பேசினால் மூச்சு பாதி வாக்கியத்தில் தீர்ந்துபோகும். தோளைத் தூக்கி இழுத்துக்கொள்வார்கள். அதை மாற்றுவதுதான் அவர் வகுப்பின் முதல் பாடம். வாயைத் திறக்கும் முன்பே சத்தமில்லாமல் வயிறுவரை காற்றை நிரப்ப வேண்டும். கடைசிச் சொல்லுக்கு முன் அரை நொடி நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் கேட்பவரின் காது தானாகத் தீட்டிக்கொள்ளும். சொல் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்.

பிள்ளைக்கு லீவு கேட்கிற எந்தத் தாயும் அப்படி நின்று பேசமாட்டாள். “உங்க அம்மா எப்படிப் பேசுவாங்களோ அப்படியே பேசு” என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

திங்கட்கிழமை கூப்பிட்டனுப்பினார். பக்கத்து அறையில் பாட்டு வகுப்பு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி வராந்தாவில் டப் டப்பென்று செருப்புச் சத்தம் கேட்டது.

“நீ மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி உன் செருப்பு வந்துடுது. அளவா ஒண்ணு போட்டுக்கிட்டு வான்னு எத்தனை தடவை சொல்றது?”

பதினொன்றாம் வகுப்புப் பெண் லேசாகச் சிரித்து, கால்விரல்களைச் செருப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆசிரியை தன் ஃபோனை எடுத்தார். அம்மாவின் எண்ணை அழுத்தினார். அந்தப் பெண்ணின் புத்தகப் பைக்குள் ஃபோன் மணி அடித்தது.

அவள் மெதுவாக அதை வெளியே எடுத்தாள். கண்ணாடி சிலந்திவலைபோல விரிசல் விட்டிருந்தது.

“பிரமாதம். நான் சொல்லிக்குடுத்த வித்தையை வச்சு எனக்கே மூணு மாசம் காது குத்தியிருக்க. அம்மா ஃபோனை இப்படிச் சுருட்டிக்கிட்டு வந்துட்டியே, அவங்க தேட மாட்டாங்களா?”

“ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர். என்னையும் தம்பியையும் பிரிச்சிடுவாங்க.”

“பொய் சொன்னதுக்கு யாராவது தம்பியைப் பிரிப்பாங்களா? நடிப்பெல்லாம் மேடையோட வச்சுக்க.” ஆசிரியை கையை நீட்டினார். “அதைக் குடு. சாயந்திரம் நானே வீட்டுக்கு வந்து உங்க அம்மா கையில குடுக்கறேன்.”

பெண் ஃபோனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தோள்கள் மேலே ஏறின. மூச்சு பாதியிலேயே உடைந்தது. சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுகூட அந்தக் குரலில் இல்லை.

“இதையும் இந்தச் செருப்பையும்தான் டீச்சர், அம்மா போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க.”