காளிக்கு இல்லாத பத்து ரூபாய்

"துட்டு கிடையாதுன்னு சொல்லியாச்சுல்லா? அடுத்த வீட்டப் பாரும்வே!"

மகேஷ் விரட்டினான். கேட்டுக்கு வெளியே நின்றது காளி. அதாவது, காளி வேஷம் கட்டிய ஆள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் போடுகிறவர். தலையில் சடைமுடி, முகம் முழுக்கக் கறுப்புச் சாயம், வாயில் கோரைப்பல், தொங்குகிற சிவப்பு நாக்கு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. கூட ஒரு மேளக்காரர்.

காளி பேசவில்லை. தட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டியது.

உள்ளேயிருந்து அவன் மனைவி சுகிர்தா பத்து ரூபாயோடு ஓடி வந்தாள். "இங்கேருங்க, அம்மன் வாசல்ல வந்து நிக்கா. வெறுங்கையா அனுப்பாதீங்க."

மகேஷ் அந்த நோட்டை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பத்து நாளா தெனமும் நாலு செட்டு வருது. ஆளுக்குப் பத்துன்னாலும் என்னாச்சு? நம்ம தவணையை அம்மனா வந்து கட்டுதா?"

மகேஷ் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்ணார்பேட்டையில் வீடு கட்ட இருபது வருஷக் கடன் வாங்கினான். அதை எட்டே வருஷத்தில் அடைத்துக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. பேப்பரை நிறுத்தினான். ஒரு லிட்டர் பால் அரை லிட்டர் ஆனது. பைக் வாசலில் கிடந்து துருப்பிடிக்க, ஆபீஸுக்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனான். சுகிர்தா புதுச்சேலை கட்டி மூன்று தீபாவளி ஆயிற்று. சரி, அது அவன் வீட்டு வயிறு, அவன் வீட்டு உடம்பு. நாம் கேட்க முடியாது.

ஆவணியில் செய்ததுதான் தகாத காரியம்.

ஆழ்வார்திருநகரியில் அக்கா பார்வதியின் மகள் பெரியவளாகிச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என்று இருப்பது இவன் ஒருத்தன். அக்கா புருஷன் பாபநாசம் அத்தானே நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனார். பட்டு, நகை, சீர்த்தட்டு என்று மகேஷ் கூட்டிப் பார்த்தான். லட்சத்தை நெருங்கியது. அதைக் கடனில் கட்டினால் ஒரு வருஷம் குறையுமே!

"ஆபீஸ்ல தணிக்கை. லீவு தர மாட்டேங்காங்கக்கா" என்று போனில் சொல்லிவிட்டு, சடங்கு அன்றைக்கு வீட்டில் போர்த்திப் படுத்துத் தூங்கினான்.

அப்பேர்ப்பட்டவனிடம்தான் காளி தட்டை நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னவே, இன்னும் நிக்கேரு? ஒடம்புல தெம்பு இருக்குல்லா? ஒழைச்சுத் தின்னா என்ன? அடுத்தவன் பாடுபட்ட துட்டுக்கு வேஷம் கட்டிட்டு வந்துட்டீரு!"

மேளக்காரருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். காளி அவர் கையைப் பிடித்து அமுக்கியது. பிறகு தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து, மகேஷின் நெற்றியில் பைய வைத்துவிட்டுத் திரும்பி நடந்தது.

"மனசே சரியில்லைங்க" என்றாள் சுகிர்தா.

"மனசைப் பாத்தா பேங்க்ல கெடக்க பத்திரம் வீடு வந்து சேராது. சோலியைப் பாரு."

தசரா முடிந்த மூன்றாம் நாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. சடங்குக்குப் பிறகு அவள் பேசவே இல்லை. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் மகேஷ் எடுத்தான்.

"ஏலே மகேசு, நல்லாருக்கியாய்யா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இருக்கேன்க்கா. அன்னைக்கு லீவு..."

"அத விடுலே. எனக்குச் சங்கடம் இல்லாம இருக்குமா? தாய்மாமன் இல்லாத சடங்கு உண்டுமான்னு என் மாமியா ஏசாத ஏச்சு இல்ல. அத்தான்தான், 'அவன் கடனை வச்சுக்கிட்டு என்ன செய்வான், பாவம். மொதல்ல அவன் கடன் அடையட்டும்'னு அம்மனுக்கு நேர்ந்து, மறுநாளே மாலை போட்டுட்டாவ. நாப்பத்தோரு நாளு, ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில படுக்கை."

மகேஷ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "அத்தான்... என்ன வேஷம்க்கா கட்டுனாவ?"

"காளிதாம்லே! ஒன் கையால காணிக்கை வாங்கணும்னு, ஆளைக் காட்டிக்காம ஒன் வீட்டு வாசலுக்கே வந்திருக்காவ. ஒனக்குத் தெரியலல்லா?"

மகேஷ் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கல்லூரிக்குப் பணம் கட்ட வழியில்லாமல் நின்றபோது, கேட்காமலே கொண்டுவந்து கொடுத்த மனுஷன். அவரைப் பார்த்தா உழைத்துத் தின்னச் சொன்னோம்?

"அக்கா... அன்னைக்கு நான் வந்து..." சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான்.

அக்கா எங்கே விட்டாள்!

"எல்லாம் அத்தான் வந்து சொல்லிட்டாவ. யாரு எவருன்னு தெரியாமலே கும்பிட்டு விழுந்து, ஆயிரம் ரூபா தட்டுல போட்டியாமே! மாமியா முன்னால வச்சே சொன்னாவ. அந்தம்மா வாயே தொறக்கலயே! எனக்குத்தான் அழுகையா வந்துட்டு. குலசைக் கோயில் உண்டியல்கிட்ட வச்சு, ரெண்டு ஐந்நூறு ரூபா நோட்டைத் தனியா எடுத்து, 'இது ஒன் தம்பி காசு பார்வதி, ஒன் கையாலயே போடு'ன்னு எங்கிட்டதாம்லே குடுத்தாவ!"