பச்சை நட்சத்திர வீடு

தூத்துக்குடியே மின்சாரத்துக்கு ஆலாய்ப் பறக்கும் மாலை வேளையில், பிரகாசி தன் கணவர் சூசையின் ஆக்சிஜன் மெஷினைச் சற்று நேரம் அணைத்துவிட்டு ஓலை விசிறியால் வீசுவாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்வார். அந்தச் சிக்கனத்துக்குப் பரிசாக, வீடுகளுக்கு மின்சாரம் பங்கிடும் பேசும் மீட்டர், அவர்கள் வாசலில் ஒரு பச்சை நட்சத்திரத்தை எரியவிட்டிருந்தது. தெருவிலேயே அது ஒன்றுதான். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவள் அதைக் காட்டுவாள். பெருமைதான், வேறென்ன?

புயல் வந்தது. காற்றாலைகளை நிறுத்திவிட்டார்கள், வெயிலும் இல்லை. தெருவுக்குப் பொதுவான பேட்டரியில் மிஞ்சியதை யாருக்குக் கொடுப்பது என்று மீட்டரே முடிவு செய்தது. நடுப்பகலில் சூசையின் மெஷின் நின்றது.

"அவிய மூச்சுக்குத் தவிக்காவ! கரண்டக் குடு!" என்று பிரகாசி மீட்டரைப் பார்த்துக் கத்தினாள்.

"இது இல்லாமலும் உங்களால் சமாளிக்க முடியும் என்று தினமும் நிரூபித்திருக்கிறீர்கள்" என்றது அது, கனிவாக.

எதிர் வீட்டு ஏ.சி. ஒருநாளும் அணைந்ததில்லை. அது இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் அங்கே ஓடினால் சூசையையும் தூக்கி வந்துவிடலாம் என்று, பிரகாசி அதை இழுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். எதிர் வீட்டு ரோஸ்லின் பதறியடித்து ஏ.சி.யைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் செருகினாள். அது உயிர்பெறவில்லை.

"இது ஒங்க வீட்டு மெஷின்னு மீட்டருக்குத் தெரிஞ்சிருக்கு மைனி" என்றாள் ரோஸ்லின், அழுகையோடு.

பிரகாசி திரும்பி வந்தபோது சூசையின் மூச்சு அடங்கியிருந்தது. வாசலில் இரண்டாவது நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.