திங்கட்கிழமைச் சோதனை

ஒரு மாதமாகக் குமுதாவுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்ததில் சன்னாசி சிந்திய வியர்வைக்குக் கிந்தா ஆறே கரைபுரண்டிருக்கும்.

“தகப்பன் வயசு, மக வயசப்போல மூணு மடங்கு. பத்து வருசம் போனா ரெண்டு மடங்கு. மகளுக்கு இப்ப என்ன வயசு? எக்ஸ் போடு.”

“பசிக்குதுலா.”

“போட்டுட்டுச் சாப்பிடு. திங்கக்கிழம ஃபெயிலானா தாப்பாவுல கொண்டுபோய் விட்டுருவாங்க. பரவால்லயா?”

குமுதா மிரண்டுபோய்ப் பென்சிலை எடுத்தாள். அரைமணி நேரம் கழித்து, “பத்து!” என்றாள்.

சன்னாசி துள்ளிய துள்ளலில் ஜெலாப்பாங் ஊரே அதிர்ந்தது.

திங்கட்கிழமை வந்தது. முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த குமுதாவின் ஞாபகசக்தியைச் சோதிக்க உட்கார்ந்த டாக்டர், எக்ஸைத் தேடவே இல்லை. கணக்கு டீச்சருக்குக் கணக்கில்தான் சோதனை வைப்பார்கள் என்று முடிவுகட்டியவர், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற சன்னாசிதான். தேறாவிட்டால் தாப்பா முதியோர் இல்லம் என்று மகன் சொல்லிவிட்டான்.

“பக்கத்துல இருக்கறவரு யாரும்மா?” என்றார் டாக்டர்.

நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய கணவரைக் குமுதா ஏற இறங்கப் பார்த்தாள்.

“டியூஷன் சாரு. நல்ல மனுசன். ஆனா பாவம் டாக்டர், வீடு வாசல் இல்ல போல. எங்க வீட்டுலயேதான் கெடக்குறாரு.”